ரெண்டே போட்டோ

ஆசாரி பாவம், கேட்டது ரெண்டே போட்டோ. “கட்டிலை மடக்கின மாதிரி ஒண்ணு, பிரிச்ச மாதிரி ஒண்ணு அனுப்புங்க சார், ஸ்டேட்டஸ்ல வைக்கணும்.” அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

நம் கெஸ்ட் ரூம் 9-க்கு 8. அரிசி மூட்டை, இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிமலை, கொலு பொம்மைப் பெட்டி, லாக்டவுனில் வாங்கி மொத்தம் பதினோரு நாள் நான் மிதித்த சைக்கிள் எல்லாம் அங்கே நிரந்தரக் குடித்தனம். கெஸ்ட்டுக்கு மட்டும்தான் இடமில்லை. அதற்காகத்தான் சுவரோடு மடங்கும் கட்டில். 19 எம்எம் பிளைவுட், இரண்டு பக்கமும் கேஸ் பிஸ்டன், பக்கத்தில் கண்ணாடி வைத்த அலமாரி.

போட்டோவில் ரூம் காலியாகத் தெரிய வேண்டுமே! அத்தனையையும் இழுத்து ஹாலில் போட்டேன். எதிர் வீட்டு மாமி எட்டிப் பார்த்து, “காலி பண்றேளா? வாடகை ஏத்திட்டாரா?” என்றார். இது சொந்த வீடு என்பது மாமிக்குப் பதினாலு வருடமாகத் தெரியும்.

மடக்கின போட்டோ சுலபம். கட்டிலைப் பிரித்தால் சுவரிலிருந்து ஏழடி வந்துவிடுகிறது. மிச்சம் ஓரடி. கதவோ உள்பக்கம் திறப்பது. கதவைச் சாத்தினால்தான் கட்டில் இறங்கும், கட்டில் ஏறினால்தான் கதவு திறக்கும். அளவெடுத்த அன்று நானும் ஆசாரியும் இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தோம், வேறென்ன சொல்ல. ஆக, உள்ளே நான். வெளியே காபி டம்ளரோடு இவள். “கதவத் திறங்க, ஆறுது.” திறக்க முடிந்தால் திறக்க மாட்டேனா?

அந்த ஓரடியில் பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டு, போன் கேமராவை அகலமாகக் காட்டும் 0.5-ல் வைத்தேன். அடடா, ரூம் கல்யாண மண்டபமாகிவிட்டது! ஓரத்தில் கிடந்த தலையணை மட்டும் இழுபட்டு திண்டு சைஸுக்கு வந்திருந்தது. போனைக் கீழே சாய்த்தால் சுவரெல்லாம் கூம்புகிறது. இடுப்பு உயரத்தில் நேராகப் பிடித்தால் சரியாக வருகிறது, ஆனால் என்ன எடுக்கிறோம் என்று தெரிய நான் முட்டி போட வேண்டும். ஓரடியில் முட்டி போடுவது எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

ஜன்னல் வெளிச்சம் வேறு. திரையைத் திறந்தால் கட்டில் கறுப்பு, மூடினால் எல்லாமே கறுப்பு. பாதி மூடிப் பிடிக்க ஆள் வேண்டும். கட்டிலை ஏற்றி, ஆறின காபியை வாங்கிக்கொண்டு, அப்பாவை உள்ளே கூப்பிட்டேன்.

இந்தக் கட்டிலே அப்பா ஊரிலிருந்து வந்தால் படுக்கத்தான். அவர் முதல் நாளே, “மிடில் பெர்த் மாதிரில்லா இருக்கு. காலைல ஆறு மணிக்கு மடக்கிரணுமோ?” என்று கேட்டுவிட்டு ஹாலில் பாயை விரித்துக்கொண்டார்.

“இருல, வாரேன்” என்று போனவர் வெள்ளைச் சட்டை, திருநீறு, படிய வாரின தலையோடு வந்தார். திரையைப் பிடிக்க எதற்கு இவ்வளவு என்று நினைத்தேன், கேட்கவில்லை. இருபது நிமிஷம் கை இறக்காமல் நின்றார். நான் நாற்பத்து மூன்று எடுத்தேன், அதில் தேறினதை ஆசாரிக்குத் தள்ளிவிட்டேன்.

சாயங்காலம் ஆசாரி கூப்பிட்டார். “சார், பெரியவர் இருக்கிற போட்டோவையே வச்சுட்டேன், நல்லா இருக்கு.”

எந்தப் பெரியவர்? திறந்து பார்க்கிறேன். என் உருவம் விழக் கூடாதென்று அவ்வளவு ஒதுங்கி ஒதுங்கி எடுத்த அந்த அலமாரிக் கண்ணாடியில், ஒன்று விடாமல் எல்லாப் போட்டோவிலும் அப்பா. ஒரு கையில் திரை, இன்னொரு கை தொடையோடு ஒட்டி, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல நேராக கேமராவைப் பார்த்தபடி.

ராத்திரி பாயை விரித்துக்கொண்டே கேட்டார், “ஏல, அதை எத்தனை பேர் பாத்திருக்கானாம்?”

ஆசாரிக்கு போன் போட்டுக் கேட்டேன். அறுபத்தொன்று.

“அவ்ளோதானா?” என்றார்.