அப்படியே இருக்கட்டும் சார்

நான் எழுதியது, ஐந்து நிமிடம்கூட வராத ஸ்ட்ரிங் குவார்ட்டெட் அது: இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. முதல் இரண்டு ஒத்திகையிலும் கோப்பில் இருந்த 'குவார்ட்டெட் 3' தான் அதற்குப் பெயர். நிகழ்ச்சித் தாள் அச்சுக்குப் போகிறது, தலைப்பு உடனே வேண்டும் என்றார்கள். பத்து நிமிடத்தில் 'காத்திருப்பு அறை' என்று அனுப்பினேன். எங்கும் போய்ச் சேராமல் சுற்றும் இசை, பொருத்தமாகத்தான் பட்டது.

கடைசியில் செல்லோவுக்குப் பதினொரு பாருக்கு, அதாவது பதினொரு தாளக் கட்டங்களுக்கு, 'டி' என்ற ஒரே ஒரு தாழ்ந்த சுரம். மேலே 'வைப்ராட்டோ வேண்டாம்', அதாவது விரலை அசைத்துச் சுரத்தை நடுங்கவைக்க வேண்டாம், என்று எழுதியிருந்தேன். அதுவரை கோடு இழுத்த மாதிரி வாசித்தவர், மூன்றாவது ஒத்திகையில் நான்காம் பாரிலேயே விரலை அசைத்தார். லேசாகத்தான். நிறுத்திக் கேட்டேன்.

"யாருக்குத் தம்பி உடம்பு சரியில்லை?" என்றார்.

"யாருக்கும் இல்லை சார்."

"அப்போ தலைப்பை மாத்திடுங்க. அதைப் படிச்சிட்டு இந்த டி-யைச் சும்மா பிடிச்சுக்கிட்டு உட்கார முடியலை."

"அப்படியே இருக்கட்டும் சார்."

எதைச் சொன்னேன்? தலைப்பையா, அவர் வாசிப்பையா? அவரும் கேட்கவில்லை. தாள் அச்சாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அந்த விரல் அசைந்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. அந்த அசைவைக் கைவிட மனம் வரவில்லை.

போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கி 52 தந்தி வாத்தியங்களுக்கு எழுதியதற்கு முதலில் கால அளவைத்தான், 8 நிமிடம் 37 வினாடி என்று, பெயராக வைத்தார். ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்கான இரங்கல் என்பது பிறகு வந்தது. இதைச் சொல்லித்தான் பல நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவர், பிறர் அதை வாசிக்கக் கேட்டபின் அதன் கனம் உணர்ந்து மாற்றினார். நான் அச்சுக்காக வைத்தேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி, பிரெலூடு எனும் தன் சிறு பியானோ படைப்புகளில் தலைப்பை ஒவ்வொன்றின் முடிவில், அடைப்புக்குறிக்குள் போட்டார். வாசிப்பவருக்கு முதலில் சுரம், பிறகுதான் பெயர். நானும் அப்படிச் செய்திருக்கலாம். செய்தாலும் கேட்க வருபவர் கையில் முதலில் இருப்பது நிகழ்ச்சித் தாள்தானே.

கச்சேரி முடிந்ததும் ஒரு பெண்மணி வந்து, கணவர் தீவிர சிகிச்சையில் இருந்த ராத்திரிகளைப் பற்றிச் சொன்னார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அதைச் சொல்வதுதான் நேர்மையா? அவர் துக்கத்தில் பொய் எதுவும் இல்லை. நான் பேசாமல் நின்றேன்.

போன வாரம் வேறொரு குழு பிரதி கேட்டது. தலைப்பில் கை வைக்கவில்லை. டி-க்கு மேலிருந்த 'வைப்ராட்டோ வேண்டாம்' என்ற குறிப்பை எடுத்துவிட்டு அனுப்பினேன்.