திருப்போரூர் பக்கம் எங்கள் சமாதித் தோட்டம்: இதுவரை பதிவு செய்தவை

திருப்போரூருக்கு மேற்கே எங்கள் பூர்வீக ஊரில், வயலோரமாக ஒரு சமாதித் தோட்டம் இருக்கிறது. நாங்கள் வீரசைவர்கள். இறந்தவரை உட்கார்த்தி, அவர் உடம்பில் அணிந்திருந்த இஷ்டலிங்கத்தைக் கையில் வைத்து, விபூதியும் வில்வமும் இட்டு அடக்கம் செய்வோம். மேலே மேடை கட்டிக் கல் நடுவோம். குடும்பமே சென்னைக்கு வந்துவிட்ட பிறகு அங்கே சீமைக்கருவேல் மண்டிவிட்டது. சுற்றிலும் மனைக் கற்கள் நெருங்கி வருகின்றன. பழுது பார்ப்பது அப்புறம், முதலில் இருப்பதையெல்லாம் எழுதி வைப்போம் என்று பெரியப்பாவும் நானும் இறங்கினோம்.

கருவேலை ஆள் வைத்து வெட்டினோம். மேடைகளின் காரை இடுக்கில் முளைத்திருந்த அரசங்கன்றுகளை மட்டும் யாரையும் பிடுங்க விடவில்லை. பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் பெயர்ந்து வரும். அடியோடு ஒட்ட நறுக்கினோம். மறுபடி துளிர்க்கத்தான் செய்யும், மறுபடி நறுக்க வேண்டியதுதான்.

படம் எடுத்தால் போதாது, ஒவ்வொரு கல்லும் நிற்கும் இடத்தையும் அளக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களை நினைத்துப் பாருங்கள். அவை வேறொரு கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தவை. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படைக்கு அந்தத் தோட்டத்துக் கல்லறைகள் மறைவிடமாகிவிட்டன. பிறகு அவற்றை இடித்துக் கற்களை மட்டும் கொண்டுவந்தார்கள். பெயர்கள் தப்பின, இடம் போயிற்று. எங்கள் தோட்டத்துக்கு அப்படி ஆகக் கூடாது. கிணற்று மூலை, சர்வே கல் என்ற இரண்டு அசையாத புள்ளிகளிலிருந்து ஒவ்வொரு மேடைக்கும் டேப் பிடித்து, வரைந்ததைப் புல வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டோம்.

எழுத்தைப் படிப்பதுதான் பெரிய வேலை. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு வெட்டுகளுக்குள் இறுகிக் கிடக்கிறது. ஆசிட், கம்பி பிரஷ், சாக்பீஸ் மூன்றும் கல்லுக்குக் கேடு. தண்ணீர், மெத்தென்ற பிரஷ், சீவிய மூங்கில் குச்சி போதும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். கிழக்கு பார்த்த கல்லில் காலை வெயில் நேராக விழுந்து எழுத்தை விழுங்கிவிடும். உச்சிவேளை நெருங்கும்போது அதே வெயில் கல்லை உரசிக்கொண்டு இறங்கும். வெட்டுகளில் நிழல் தங்கி வரிகள் எழுந்து வரும். வடக்கு பார்த்த கற்களுக்குப் பெரியப்பா முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கவாட்டில் வெயிலைத் திருப்பினார்.

அப்படித்தான் கிணற்றோரத்துப் பெரிய கல்லில் ‘தாது ௵ மாசி ௴ ௰௨ ௳’ என்ற வரி தெரிந்தது. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௰௨ என்றால் 12. ஆங்கில ஆண்டு கிடையாது. தாது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும்: 1876, 1936. நல்லவேளையாகக் கிழமையும் வெட்டியிருந்தார்கள். பழைய பஞ்சாங்கத்தில் பார்த்தால் 1936-37க்கு அது பொருந்தவில்லை, முந்தையதற்குப் பொருந்தியது. ஆக 1877 பிப்ரவரி. தாது வருஷப் பஞ்சம் என்று கேட்டு வளர்ந்தோமே, அதே காலம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் வெட்டினார்கள்.

பக்கத்தில் இரண்டு சின்ன மேடைகள். ஒன்றில் ‘ஈசுவர ௵’, அதாவது அடுத்த வருஷம். இன்னொன்றில் பெயர் மட்டும். பஞ்சத்தில் போனவர்கள் என்று கல் சொல்லவில்லை, அதனால் பட்டியலில் நானும் எழுதவில்லை. மனசு என்னவோ அப்படித்தான் நினைக்கிறது. பெரியப்பா மூன்று மேடைகளுக்கும் விபூதி வைத்த பிறகுதான் டேப்பைத் தொட்டார்.

தென்மேற்கு மூலையில் சில மேடைகள் பாதி மண்ணுக்குள் இருக்கின்றன. அங்கே தோண்டப் போவதில்லை. மழைக்காலம் முடிந்து தரை காய்ந்ததும் புல்லை மட்டும் அறுத்துப் படம் எடுப்போம். அதுவரை இந்தப் பட்டியலை அச்செடுத்து உறவுக்காரர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் திதி எழுதி வைத்த பழைய நோட்டு இருந்தால் தாருங்கள் என்றும் கேட்டிருக்கிறேன். வருஷம் இல்லாத அந்தச் சின்ன மேடையின் பெயர் ஏதாவது ஒரு நோட்டில் இருக்கக்கூடும்.