வரிப் பாடம்: கோடு கீறாமல் போன ஒன்றரை வருடம்

போன வாரம் பெறுபேறு வந்தது. கணக்காளர் பரீட்சையில் இலங்கை வரிப் பாடம் பாஸ், மூன்றாவது தடவையில். அம்மா கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்ந்த மெழுகுதிரியைக் கொளுத்தப் போய்விட்டார். எனக்குச் சந்தோஷத்தை விட எரிச்சல்தான் அதிகம், ஏனென்றால் முதல் தடவை மூன்று மார்க்கால் விழுந்தேன். அந்த மூன்று மார்க் எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

2022 ஜூலையில் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு ஓடிட் (கணக்காய்வு) நிறுவனத்தில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். பெற்றோல் இல்லாத காலம். முதல் வாரத்தில் இரண்டு நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போனேன். கொடுப்பனவைப் பற்றிக் கேட்காதீர்கள், பஸ்ஸுக்கும் பகல் சாப்பாட்டுப் பார்சலுக்கும் சரி. வரிப் பிரிவில் போட்டார்கள். உயர்தரத்தில் கணக்கீட்டுக்கு ஏ எடுத்தவள் என்ற திமிர் இருந்தது. அது ஒக்டோபர் வரை நீடித்தது.

புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு வாடிக்கையாளரின் வற் (பெறுமதி சேர் வரி, VAT) ரிட்டர்ன். ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர் காலாண்டு. முந்தைய காலாண்டு ஃபைலைத் திறந்து, அதே ஷீட்டில் புதிய விற்பனைத் தொகையைப் போட்டு, 12 வீதத்தால் பெருக்கிக் கொடுத்துவிட்டேன். சீனியர் அண்ணா தாளைப் பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. "தங்கச்சி, செப்டெம்பர் எங்கே?" என்று கேட்டார். பிறகு சிவப்புப் பேனையால் தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கீறினார். "இந்தப் பக்கம் 12, அந்தப் பக்கம் 15."

வற் வரி 2022 செப்டெம்பர் 1இல் 15 வீதமானது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பேப்பரில் படித்தேன், வீட்டில் சாமான் விலை ஏறியதும் தெரியும். ஆனால் கையில் பழைய ஃபைல் இருந்தால் மூளை வேலை செய்யாது. இந்தத் தொழிலின் பெரிய வியாதி இது: "போன வருஷம் மாதிரியே போடு."

சரி, பாடம் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். 2023 கடைசியில் பரீட்சை. ஒரு வர்த்தகக் கம்பனி, மதிப்பீட்டு ஆண்டு 2022/23. சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்து, வரிக்குரிய வருமானத்தை அழகாக எடுத்தேன். கடைசி வரியில் முழுத் தொகைக்கும் 30 வீதம். அந்த ஆண்டு இரண்டு துண்டு. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை 24, ஒக்டோபர் முதல் மார்ச் வரை 30. மண்டபத்தை விட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தச் சிவப்புக் கோடு கண்ணுக்குள் வந்தது. அழுதேனா என்று கேட்காதீர்கள்.

ஆகவே எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: கேள்வியை வாசித்ததும் விடை எழுத முன் ஒரு கோடு கீறுங்கள். ஒரு நுனியில் ஏப்ரல் 1, மறு நுனியில் மார்ச் 31. நடுவில் எந்தத் திகதியில் எது மாறியது என்று குறியுங்கள். ஒரு நிமிடம் போகும். வீதத்தைத் தனியாகப் பாடமாக்க வேண்டாம், திகதியோடு பாடமாக்குங்கள். என் கொப்பியின் முதல் பக்கம் இப்படித்தான்:

- வற்: 2022 ஜூன் 1 முதல் 12 வீதம், செப்டெம்பர் 1 முதல் 15, 2024 ஜனவரி 1 முதல் 18. என் மூன்று வருட டிரெய்னிங்கில் மூன்று வீதம்!
- தனிநபர் நிவாரணம் (வரி இல்லாமல் விடும் வருமானம்): 2023 ஜனவரி முதல் வருடத்துக்கு 12 இலட்சம், 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சம்.
- வட்டியில் பிடிக்கும் வரி: 2023 ஜனவரி முதல் 5, 2025 ஏப்ரல் முதல் 10.
- சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி: 2022 ஒக்டோபர் 1 முதல் 2.5.

இரண்டாவது தடவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 நடுவில் லீவு கொடுக்கவில்லை, எழுதவே இல்லை. அந்த வருடக் கடைசியில் எழுதினேன். கோடு கீறினேன். நேரம் போதாமல் கடைசிக் கேள்வியை விட்டேன்.

அதிலிருந்து ஒரு விஷயம்: வரிப் பிரிவில் இருப்பவர்கள் வருடக் கடைசிப் பரீட்சையை நம்ப வேண்டாம். நவம்பர் 15ஆம் திகதி வருமான வரித் தவணைக் கொடுப்பனவு, 20ஆம் திகதி வற், 30ஆம் திகதி வருமான வரி ரிட்டர்ன். ராமிஸ் (இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளம்) கடைசி நாளில் சுற்றிக்கொண்டே இருக்கும், நீங்கள் இரவு பத்து மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். அதற்கடுத்த வாரம் பரீட்சையில் உட்கார்ந்தால் கை மட்டும்தான் அங்கே இருக்கும். நான் 2025 நடுவில் எழுதினேன், தலை தெளிவாக இருந்தது. ஓடிட் பக்கம் இருப்பவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம், மார்ச் 31இல் முடியும் கணக்குகள் அவர்களை வருட நடு மாதங்களில்தான் பிழியும்.

வேலையில் கற்றது பரீட்சைக்கு உதவுமா என்று கேட்கிறார்கள். உதவும், வவுச்சரைப் பிடித்துப் பார்த்தால். ஒரு நாள் "பயணச் செலவு" என்று பதிந்த வவுச்சரைத் திருப்பினேன், பின்னால் குத்தியிருந்தது பதினெட்டுப் புரியாணிக்கான பில். வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த விருந்து. உபசாரச் செலவு கழிக்க விடமாட்டார்கள் என்று பிறகு நான் பாடமாக்கவே இல்லை, அந்தப் பில்லே நினைவில் நிற்கிறது. பணிக்கொடையும் (வேலையை விட்டுப் போகிறவருக்குக் கொடுக்கும் தொகை) அப்படித்தான்: ஒதுக்கியதைச் சேர், கொடுத்ததைக் கழி. கணக்குப் புத்தகத்தில் போட்ட பெறுமானத் தேய்வை மறந்துவிடுங்கள். அதற்குப் பதிலாகச் சட்டம் தரும் கழிவுதான்: கணினிக்கு 5 வருடத்தில், கட்டடத்துக்கு 20 வருடத்தில்.

இன்னும் சில, ஒழுங்கில்லாமல்:

- சிங்களம் பேசப் பழகுங்கள். புறக்கோட்டைக் களஞ்சியத்தில் ஸ்டாக் எண்ணும்போது "பில் எக்க கோ?" (பில் எங்கே?) என்று கேட்கத் தெரியாவிட்டால் பொம்மை மாதிரி நிற்க வேண்டும்.
- டிரெய்னிங் பதிவேட்டில் கையெழுத்தை அவ்வப்போது வாங்கிவிடுங்கள். எனக்குக் கோடு கீறிக் காட்டிய அண்ணா வெளிநாடு போனபோது என் ஏழு மாதப் பதிவு அப்படியே கிடந்தது. அதற்கு அலைந்த அலைச்சல் தனிக் கதை.
- குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது. நாலு பேர் சேர்ந்தால் அரை மணி நேரம் படிப்பு, மீதி ஒஃபிஸ் கதை. விடியக்காலை ஐந்து முதல் ஆறரை, தனியாக, தேத்தண்ணியோடு.
- பழைய வினாத்தாளைச் செய்யும்போது விடையைப் பழைய சட்டத்தில் ஒரு தடவை, இன்றைய சட்டத்தில் ஒரு தடவை எழுதுங்கள். ஒரே வினாத்தாளில் இரண்டு பயிற்சி.

எஸ்வற் (எளிமைப்படுத்திய வற் முறை, SVAT) 2025 ஒக்டோபர் 1 முதல் இல்லை. அடுத்த தடவை எழுதுகிறவர்கள் உங்கள் கோட்டில் அந்தத் திகதியையும் போட்டுவிடுங்கள்.