பானை ஓட்டைத் தொடுவதற்கு முன்

கல்லூரியின் முதல் பருவத்தில் மானிடவியல் அறிமுகம், அடுத்த பருவத்தில் தொல்லியல் அறிமுகம் என இரண்டு பாடங்களை அடுத்தடுத்து எடுத்தேன். முன்னது பழங்குடிகளைப் பற்றியது, பின்னது பழம்பொருள் தேடுவது என்று நினைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போனேன். இரண்டு எண்ணங்களும் நீடிக்கவில்லை. இனி சேரப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால், நான் எங்கே தடுமாறினேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

முதல் சில வாரங்கள் மண்டையோடுகளோடு கழிந்தன. மேசையில் மூன்று வார்ப்புகள்: சிம்பன்சி, ஆஸ்திரலோபித்திகஸ் என்ற அழிந்துபோன மனித முன்னோடி, இன்றைய மனிதர். முகத்தைப் பார்க்காமல் கவிழ்த்துப் பாருங்கள் என்றார் ஆசிரியர். தண்டுவடம் நுழையும் பெருந்துளை சிம்பன்சிக்குப் பின்பக்கம் தள்ளி இருந்தது. மனிதருக்கு ஏறத்தாழ நடு அடியில். இரண்டாவது வார்ப்பில் விரலை வைத்தபோது, துளை மனிதரை ஒட்டி முன்னால் வந்திருந்தது. நிமிர்ந்த உடலின் மேல் தலை அமர்ந்திருந்ததற்கான தடயம் அது. ஆனால் அதன் மூளைப்பெட்டி சிம்பன்சியினுடையதைவிட அதிகம் பெரிதில்லை. மூளை வளர்ந்த பிறகே நம் முன்னோர் நிமிர்ந்தார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன். 1974இல் எத்தியோப்பியாவின் ஹதாரில் கிடைத்த, சுமார் 32 லட்சம் ஆண்டு பழைய ‘லூசி’ என்ற ஆஸ்திரலோபித்திகஸ் எலும்புக்கூடும், தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்திருந்த சுமார் 36 லட்சம் ஆண்டுக் காலடித் தடங்களும் அதன் பிறகு வெறும் தேர்வுக் குறிப்புகளாகத் தெரியவில்லை. வார்ப்புகளைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாதீர்கள்.

நான் சறுக்கியது களக்குறிப்பில். பொது இடம் ஒன்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கண்டதை எழுதி வர வேண்டும். ஒரு காத்திருப்பு அறையில் அமர்ந்து நான்கு பக்கம் எழுதினேன். நன்றாக எழுதியிருப்பதாகவே நினைத்தேன். திரும்பி வந்த தாளில் ‘பொறுமையிழந்தனர்’, ‘அலட்சியமாக’, ‘நெருங்கிய உறவினர் போல’ என்ற சொற்களைச் சுற்றிச் சிவப்பு வட்டங்கள். ஓரத்தில் ஒரே கேள்வி: “இதை எப்படிக் கண்டீர்கள்?” மதிப்பெண் பாதிக்கும் கீழ்.

கோபம் வந்தது. மறுநாள் அதே இடத்துக்குப் போய் மீண்டும் எழுதினேன். ‘ஒருவர் நாற்பது நிமிடத்தில் ஆறு முறை எழுந்து சுவர்க் கடிகாரத்தின் அருகே போனார். கையில் இருந்த சீட்டை மடித்து மடித்து ஓரம் கிழிந்துவிட்டது.’ இப்படி எழுதத் தொடங்கிய பிறகுதான் முதல் நாள் நான் எதையுமே பார்க்கவில்லை என்பது உறைத்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, நியூ கினியாவை ஒட்டிய டிரோப்ரியண்ட் தீவுகளில் நீண்ட காலம் தங்கியது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அங்கே ‘குலா’ பரிமாற்றத்தில் சிப்பிக் கழுத்தணிகள் தீவு தீவாகக் கடிகாரச் சுற்றிலும், கைவளைகள் எதிர்ச்சுற்றிலும் பயணிக்கின்றன. ஒரே ஒரு கைமாற்றத்தை மட்டும் பார்த்துத் திரும்பியவருக்கு அது வெறும் அன்பளிப்பு. வட்டம் கண்ணில் படவே படாது.

உறவுமுறை வரைபடங்கள் எளிது. முக்கோணம் ஆண், வட்டம் பெண். இரண்டு நாள் வரைந்து பழகினால் கைக்கு வந்துவிடும்.

தொல்லியலில் காலக்கணிப்பு பலரைத் திணறடிக்கிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, எந்த முறை எதற்குப் பொருந்தும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. உயிர்ப்பொருள்களின் எச்சங்களில் உள்ள கதிரியக்கக் கார்பன்-14இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளக்கப் போதுமான கார்பன்-14 எஞ்சுவதில்லை. ஆகவே லூசியின் காலத்தை அந்த முறையில் கணிக்க முடியாது. அவரைச் சூழ்ந்த படிவுகளின் எரிமலைச் சாம்பலில் உள்ள ஆர்கான் வாயுவை அளந்துதான் வயதை அறிந்தார்கள். எங்கள் தேர்வில் இது கேட்கப்பட்டது. வகுப்பில் பாதிப் பேர் கார்பன் என்று எழுதினோம். நானும்தான்.

பயிற்சிக்காகத் துறையின் பின்புறம் ஒரு குழியில் பல நிற மண்ணை அடுக்கடுக்காக நிரப்பி, இடையிடையே பொருள்களைப் புதைத்து வைத்திருந்தார்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் எங்கள் குழுவுக்கு. இரண்டாம் நாள் மண்ணைச் சீவும் என் கரணையின் நுனியில் சிவப்பாக ஒரு பானை ஓடு தட்டுப்பட்டது. விளிம்போடு கூடிய நல்ல துண்டு. மகிழ்ச்சியில் சட்டென்று பிடுங்கி எடுத்துத் தூக்கிக் காட்டினேன். ஆசிரியர் ஓட்டைப் பார்க்கவில்லை. “எந்த அடுக்கு?” என்றார். நான் குனிந்து பார்த்தபோது, அது இருந்த இடத்தில் மண் சரிந்து மூடியிருந்தது.

மறுநாள் குழியின் சுவரைச் சீவி, தெளிப்பானால் லேசாக நீர் தெளித்தோம். உலர்ந்திருந்தபோது ஒரே பழுப்பாகத் தெரிந்த சுவரில், கிண்ணம் போல வளைந்த கருமையான கோடு ஒன்று மெல்ல எழுந்தது. மேலடுக்கிலிருந்து யாரோ பிற்காலத்தில் தோண்டி மூடிய குழி, கீழடுக்குகளை வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தது. என் ஓடு அந்தக் கோட்டுக்கு உள்ளே கிடந்ததா, வெளியே கிடந்ததா? உள்ளே என்றால் அது அந்தக் குழியின் நிரப்பு மண்ணோடு சேர்ந்தது. வெளியே என்றால் பழைய அடுக்கினுடையது. ஒரு விரற்கடை இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அதற்குள் கதையே மாறிவிடுகிறது.

அதன் பிறகு எதையும் அசைக்காமல் அளந்தேன், வரைந்தேன், எண் போட்டேன், பிறகே எடுத்தேன். அடுக்குகளின் முன்பின் வரிசையைக் கட்டங்களாகக் காட்டும் ஹாரிஸ் அணியை, எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் உருவாக்கிய முறையை, மூன்று முறை தப்பாகப் போட்டு நான்காம் முறை சரியாகப் போட்டேன். இரண்டு பாடங்களிலும் தேறிவிட்டேன்.

பருவத்தின் கடைசி நாளில் குழியை மூட வேண்டும். அடுத்த ஆண்டு மாணவர்களுக்காக, எங்கள் பதிவுத் தாள்களைப் பார்த்து ஒவ்வொரு பொருளையும் அது கிடந்த ஆழத்திலேயே திரும்ப வைத்து, மண்ணை அடுக்கடுக்காக நிரப்பினோம். எல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தட்டில் என் பானை ஓடு மட்டும் மிஞ்சியது. அதை எங்கே வைப்பது என்று எந்தத் தாளிலும் இல்லை.