லைப்ஸிக்: ஒரு மேயரைத் தேடி நான்கு ட்ராம் நிறுத்தங்கள்

ஜெர்மனியின் லைப்ஸிக் நகர ரயில் நிலையத்திலிருந்து மேற்கே போகும் ட்ராமில் ஏறினால் அடுத்த நிறுத்தமே கேர்டெலர்ரிங். அதைத் தாண்டி தோமாஸ் தேவாலயம், நோயஸ் ராட்ஹவுஸ் என்கிற நகராட்சி மாளிகை, கடைசியில் வில்ஹெல்ம் லொய்ஷ்னர் சதுக்கம். ட்ராமை விட்டுவிட்டு நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் நிறுத்தமும் கடைசி நிறுத்தமும் இரண்டு மனிதர்களின் பெயரில். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி பலித்திருந்தால், இந்த ஊரில் மேயராக இருந்த கார்ல் கேர்டெலர் நாட்டின் சான்ஸலர், அதாவது அரசின் தலைவர், தொழிற்சங்கத் தலைவரான லொய்ஷ்னர் துணைச் சான்ஸலர். இரண்டு பேரும் தூக்கில்தான் முடிந்தார்கள்.

கேர்டெலர் 1930-இல் லைப்ஸிக் மேயரானவர். பழமைவாதி, நாஜிக் கட்சியில் சேரவில்லை, ஆனாலும் 1933-க்குப் பின் பதவியில் நீடித்தார். உள்ளே இருந்து கடிவாளம் போடலாம் என்று நம்பியவர்களில் ஒருவர். விலைக் கட்டுப்பாட்டு ஆணையராக ஹிட்லர் அரசுக்கும் வேலை பார்த்தார். 1935-இல் வந்த நகராட்சிச் சட்டத்தை வரைவதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்தச் சட்டப்படி கவுன்சிலர்கள் ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான், முடிவெடுப்பவர் மேயர். மேயரையும் கவுன்சிலர்களையும் தேர்வதில் கட்சிப் பிரதிநிதியின் கை ஓங்கியிருக்கும். ஏட்டில் மேயருக்கு முழு அதிகாரம். மறுவருடமே அது எவ்வளவு பெறும் என்று தெரிந்துவிட்டது.

அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு சிலை. தோமாஸ் தேவாலயத்தின் மேற்குப் பக்கம் இசையமைப்பாளர் மெண்டல்ஸோன் சிலை நிற்கிறது. பலர் ஏமாறும் இடம் இது. நிற்பது 2008-இல் செய்து வைத்த பிரதி. 1892-இல் திறந்த அசல் சிலை நின்றது நகராட்சி மாளிகைக்குத் தெற்கே, அன்றைய கெவாண்ட்ஹவுஸ் இசையரங்கின் முன்னால். போரில் சிதைந்த அந்த அரங்கை 1968-இல் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே பல்கலைக்கழகக் கட்டடம். எதிரே இருக்கும் பல்கலைக்கழக நூலகத்தை அடையாளம் வைத்துத் தேடுங்கள்.

மெண்டல்ஸோன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதுதான் சிலைமேல் குற்றம். 1936 நவம்பரில் கேர்டெலர் வெளிநாடு போயிருந்த சமயம் பார்த்து, கட்சிக்காரரான துணை மேயர் ருடால்ஃப் ஹாக்கே ராத்திரியோடு ராத்திரியாகச் சிலையைப் பெயர்த்துவிட்டார். திரும்பி வந்த மேயர் மறுபடி வைக்கச் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. துணைக்கு அழைக்க, மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சில் என்று ஒன்று அப்போது இல்லை. 1937 மார்ச் 31-உடன் பதவியை விட்டார்.

அவருடைய நினைவுச்சின்னம் நகராட்சி மாளிகையின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. அண்ணாந்து தேடினால் கிடைக்காது. அது தரையில் ஐந்து மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் ஒரு வட்டப் பள்ளம். சுற்றிலும் வளையம் வளையமாக அவர் எழுதியவற்றிலிருந்து வரிகள், எல்லாம் ஜெர்மன் மொழியில். உள்ளே தொங்கும் மணி ஒரு நாளில் சில முறை மட்டும் ஒலிக்கும். 1999-இல் அமைத்தது. சிலை வைத்துக் கும்பிடாமல் குழி வெட்டியது இந்த மனிதருக்குப் பொருத்தம்: ஹிட்லரைக் கைது செய்து விசாரிக்க வேண்டும், கொல்லக் கூடாது என்று வாதிட்டவர், பிடிபட்டபின் விசாரணையில் பலர் பெயரைச் சொன்னவரும் அவரே.

மீதிக் கதை பெர்லினில். ஜூலை முயற்சி தோற்றபின், தலைக்குப் பத்து லட்சம் மார்க் விலை வைத்துத் தேடியவரை 1944 ஆகஸ்ட் 12 அன்று பிடித்தார்கள். 1945 பிப்ரவரி 2 அன்று பிளோட்ஸன்ஸே சிறையில் தூக்கிலிட்டார்கள். பெர்லின் மத்திய ரயில் நிலையத்திலிருந்து 123-ஆம் எண் பேருந்து அங்கே இப்போது இருக்கும் நினைவகத்துக்குப் போகும், நுழைவு இலவசம். ஷ்டௌஃபன்பெர்க் தெருவில் இருக்கும் ஹிட்லர் எதிர்ப்பியக்க நினைவகம் வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். பிளோட்ஸன்ஸேயில் பார்க்க இரண்டே அறைகள். ஒன்றில் கொக்கிகள் மாட்டிய இரும்பு உத்தரம் இன்னும் அப்படியே இருக்கிறது.