பி.ஏ.பி. தண்ணீர் பாய்ச்சுகிறவன் அதிரப்பள்ளியைப் பேசலாமா?

"நம்ம தோப்புக்குத் தண்ணி வர்றப்ப இனிச்சுது. கேரளாக்காரன் அணை கட்டுனா உனக்குக் கசக்குதாக்கும்?" கேரளாவில் அதிரப்பள்ளி அருவிக்கு மேலே அணை வேண்டாம் என்று நான் சொன்னதற்குப் பெரியப்பா இப்படிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது.

எங்கள் தென்னந்தோப்பு உடுமலைப் பக்கம். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தில் எங்கள் மண்டலத்துக்கு முறை வந்து திறந்தால் வாய்க்கால் தண்ணீர், இல்லையென்றால் போர்வெல்லும் ஆண்டவனும். அந்த வாய்க்கால் தண்ணீரில் பெரும்பங்கு, விட்டிருந்தால் மேற்கே சாலக்குடி ஆற்றுக்குப் போயிருக்க வேண்டியது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் கேரள எல்லைக்குள் இருக்கின்றன. அங்கே தேங்குவதுதான் சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறங்கி, காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்கு வருகிறது.

அதே ஆற்றில், கீழே வாழச்சால் காட்டில் இன்னொரு அணை கட்டி 163 மெகாவாட் எடுப்பதுதான் அதிரப்பள்ளித் திட்டம். அணையிலிருந்து சுரங்கம் வழியாகக் கண்ணன்குழி மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகும். இடையில்தான் அருவி. அருவிக்குக் கொஞ்சம் விடுவோம் என்றது மின்வாரியம். வெளியூர்க்காரர்கள் அருவிக்காகப் பதறினார்கள். எனக்கு உறைத்தது வேறு.

மின்சாரத் தேவை உச்சத்தில் இருப்பது சாயங்கால நேரம். அந்த நேரத்தில் மின்நிலையத்தை ஓட்டினால் ஒரு நாள் தண்ணீர் சில மணி நேரத்தில் குபுகுபுவென்று வந்துவிடும், மற்ற நேரம் ஆறு இளைத்துக் கிடக்கும். கீழே தும்பூர்முழியில் தடுப்பணை இருக்கிறது, அங்கிருந்துதான் பாசனக் கால்வாய்கள் பிரிகின்றன. கடைமடையில் நிலம் வைத்திருப்பவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுராத்திரியில் வாய்க்கால் நிரம்பி ஓடி, விடியும்போது மடையில் சேறு மட்டும் மிச்சமிருந்தால் வரும் ஆத்திரம் எனக்குத் தெரியும். கீழ்ப்பாசன விவசாயிகள் இந்த அணையை எதிர்த்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்தக் காட்டில் வாழும் பழங்குடிகளான காடர்கள் கதை இன்னும் சங்கடம். பரம்பிக்குளம், சோலையாறு, பெரிங்கல்குத்து என்று ஒவ்வொரு அணை எழுந்தபோதும் இடம் பெயர்ந்தவர்கள் அவர்கள். அதாவது, என் தோப்பு நனைவதற்கும் அவர்கள் நகர வேண்டியிருந்தது. இந்த அணையும் வந்தால் அவர்களுடைய வாழச்சால், பொகலப்பாறை ஊர்களுக்கும் ஆபத்து. வன உரிமைச் சட்டப்படி 2014இல் சமூக வன உரிமை வாங்கியவர்கள், "எங்கள் கிராம சபையைக் கேட்காமல் எப்படி?" என்று நின்றார்கள். இருவாச்சிப் பறவையின் கூடுகளைக் காவல் காப்பவர்களும் இவர்களில்தான் இருக்கிறார்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, சின்னப் பிளவு வழியாக ஆண் ஊட்டும் பழத்தை நம்பிக் கிடக்கும். ஆற்றோர மரங்கள் போனால் அந்தப் பொந்துக்கு எங்கே போவது?

2006இல் கேரள உயர் நீதிமன்றம் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு வேண்டாம் என்றது. 2020இல் மாநில அரசு மறுபடியும் தடையில்லாச் சான்று கொடுத்தது. செத்துச் செத்துப் பிழைக்கும் திட்டம்.

பி.ஏ.பி. தண்ணீரை விட்டுவிடுவேன் என்று நான் சொல்ல மாட்டேன். அது பொய். ஆனால் எங்கள் பக்கமும், பி.ஏ.பி.யில் இன்னும் கட்டாமல் கிடக்கும் ஆனைமலையாறு–நல்லாறு அணைத் திட்டம் வேண்டும் என்று வருடக்கணக்காகக் குரல் கொடுக்கிறோம், நானும்தான். போன விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து, "அணை வரும் இடத்தில் யார் இருக்காங்க, அவங்ககிட்ட யாராவது கேட்டோமா?" என்றேன்.

"ஏண்டா, நீ எந்த ஊர்க்காரன்?" என்றார் பெரியப்பா. கூட்டம் சிரித்தது. மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.