மாமாவின் கேசட்டை விற்கப் போய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கேம் கேசட் வீட்டில் கிடைத்தால் துடைக்காதீர்கள். தின்னர் பாட்டில் பக்கமே போகாதீர்கள். எனக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) அங்கேதான் போனது.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பாட்டி இருந்த லயத்து வீட்டைப் போன வருடம் ஒழித்தோம். பரண் மேல் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் 23 கேசட். எல்லாம் மாமாவுடையவை. 90களில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். தீபாவளிக்கு வரும்போது பலகாரத்தைவிட அவர் பையில் என்ன கேசட் இருக்கிறது என்றுதான் லயமே காத்திருக்கும். மைக்ரோ ஜீனியஸ் டிவி கேம் பெட்டியில் செருகி, ஊதி, மறுபடி செருகி விளையாடியவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. (அந்த ஊதலும் தப்புதானாம். எச்சில் ஈரம் பட்டுப் பட்டுச் செம்பு முனை கறுத்துப்போகும்.)

ஆசையைக் கிளப்பியது என் மச்சான். 2021 ஜூலையில் ஒரு சூப்பர் மரியோ 64 கேசட் 1.56 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போன செய்தியைத் தேடி எடுத்துக் காட்டினான். அம்மா உடனே டின்னைத் தூக்கி சாமி அறையில் வைத்துவிட்டார். அந்தச் செய்தியை முழுசாகப் படித்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை. ஏலம் போனது பிரிக்கவே பிரிக்காத பெட்டி. வாட்டா என்ற தர நிறுவனம் 9.8 என்று மதிப்பெண் போட்டுக் கண்ணாடி மாதிரியான உறைக்குள் அடைத்தது. நம் டின்னில் இருந்த கேசட்டுகளில் எறும்பு முட்டை இருந்தது.

தரம் பிரித்துப் பார்த்ததில் 17 கள்ளக் கேசட். ‘64 இன் 1’, ‘9999999 இன் 1’ என்று வாய் கூசாமல் போட்டிருப்பார்களே, அவைதான். அதே நாலு விளையாட்டை வேறு வேறு கட்டத்திலிருந்து ஆரம்பித்துவிட்டுப் புதுசு என்று எண்ணுவார்கள். அவற்றுக்கு விலை அநேகமாக இல்லை. மிச்சம் ஆறு அசல். அதில் 1985-இன் சூப்பர் மரியோ பிரதர்ஸும் இருந்தது. பழசு, பேர் பெற்றது, பெரிய விலை போகும் என்று நினைத்தேன். ஜப்பானில் மட்டும் 68 லட்சத்துக்கு மேல் விற்ற கேசட், எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது. வயசுக்கு விலை கிடையாது. ஆள் தேடுகிறானா, பொருள் அரிதா, அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கணக்கில் தேறியது ஒன்றே ஒன்று. தலையில் ஒரு கொம்போடு பச்சை நிறக் குட்டி உருண்டை ஒன்று நிற்கும் படம். ‘கிம்மிக்’. சன்சாஃப்ட் நிறுவனம் 1992 ஜனவரியில் வெளியிட்டது. அதற்குள் நின்டெண்டோவின் அடுத்த கேம் பெட்டியான சூப்பர் ஃபேமிகாம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பழைய பெட்டிக்கான கேசட்டை அவ்வளவாக யாரும் சீண்டவில்லை. அன்று விற்காததால்தான் இன்று தேடுகிறார்கள்.

நெட்டில் விலை பார்த்தேன். ஐந்து இலக்கம். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, மனசுக்குள் புது மோட்டார் வாங்கியாயிற்று. இரண்டு தப்பு செய்திருந்தேன். ஒன்று, அது விற்பவன் கேட்கும் விலை. இபேயில் ‘விற்றவை’ என்று தனியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத்தான் கனவு காண வேண்டும். இன்னொன்று, நான் பார்த்தது ‘மிஸ்டர் கிம்மிக்’. 1993-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் மட்டும் வந்த ஐரோப்பியப் பதிப்பு, அதுவும் பெட்டியோடு. நம்முடையது ஜப்பான் பதிப்பு, வெறும் கேசட். ஒரே விளையாட்டு, விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே தின்னரை எடுத்துவிட்டேன். கேசட்டின் பின்னால் மாமா மார்க்கரில் தன் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார், லயத்தில் திருட்டுப் போகாமல் இருக்க. அதை அழிக்கலாம் என்று தேய்த்தேன். பேர் போகவில்லை. பிளாஸ்டிக் மொழுமொழுவென்று இளகி, என் கட்டைவிரல் ரேகை அதில் பதிந்தது. வழிந்த சொட்டு முன்பக்கம் போய் ஸ்டிக்கரின் ஒரு மூலையை வெளுத்துவிட்டது. உலோக முனையைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சும் போதும். ஸ்டிக்கரையும் பிளாஸ்டிக் உறையையும் அப்படியே விட்டுவிடுங்கள், அழுக்கு இருந்தாலும் வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான்.

அடுத்தது கோலாலம்பூர் பயணம். ஒரு கடைக்குப் போன் செய்தேன். “கொண்டு வாங்க பாஸ், பார்க்கலாம்” என்றார்கள். லீவு போட்டு, விடிவதற்கு முன் கிளம்பி, ஈப்போ போய் அங்கிருந்து ரயில் பிடித்துப் போனால், விலை போடுகிற ஆளுக்கு அன்று லீவு. கவுன்டரில் இருந்த பையன் டின்னைக் கிளறிவிட்டு, “எல்லாம் ஒரே விலை, ஒன்று ஐந்து வெள்ளி” என்றான். கிம்மிக்கையும் சேர்த்துத்தான். அவன் கண் அதில் ஒரு நொடி நின்றதை நான் பார்த்தேன். அதனால்தான் தரவில்லை. போகவர ஆன செலவை எழுதினால் வீட்டில் படிப்பார்கள், வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், முனை என்று மூன்று படம் அனுப்பி, விலையை எழுத்தில் வாங்காமல் வாசற்படி தாண்டாதீர்கள்.

அசல் ஆறில் இன்னொன்று, சூப்பர் ஃபேமிகாமுக்கான சூப்பர் மரியோ வேர்ல்ட். அந்தக் கேசட்டை குவாந்தானில் ஒருவர் 60 வெள்ளிக்குக் கேட்டார். கூரியர் கவுன்டரில் அந்தப் பெண், “உள்ளே பேட்டரி இருக்கா?” என்றார். தெரியாது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நானோ புதுசாகப் படித்த மிதப்பில், விளையாட்டைச் சேமித்து வைக்க உள்ளே சிஆர்2032 காசு பேட்டரி பற்றவைத்திருப்பார்கள் என்று பாடமே நடத்தினேன். பார்சலைத் திருப்பித் தள்ளிவிட்டார். சின்னதுதானே என்று கெஞ்சினேன். “பேட்டரி என்றால் பேட்டரிதான்.”

வாங்குபவரிடம் கேட்டேன், எப்படியும் புதுசு போடத்தான் போகிறேன், கழற்றிவிட்டே அனுப்புங்கள் என்றார். சூப்பர் ஃபேமிகாம் கேசட்டைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடியாது. 3.8 மில்லிமீட்டர் அளவில் அதற்கென்றே தனி முனை இருக்கிறது. அது தெரியாமல் இடுக்கியால் திருகி ஒரு திருகை வழுக்கிவிட்டேன். ஆன்லைனில் 9 வெள்ளி, வர ஒரு வாரம். பற்றவைப்பை எடுக்கப் பட்டணத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் தம்பிக்கு இரண்டு நிமிடம், 10 வெள்ளி. பெருமையாக மாமாவிடம் சொன்னேன்.

“அதுல என் 96 இருந்துச்சா?”

பேட்டரி போனால் சேமித்ததும் போகும். எல்லா வழியும் கண்டுபிடித்தால் வரும் அந்த 96-ஐ எடுக்க அவர் ஒரு தீபாவளி லீவையே செலவழித்தார். இருந்ததா இல்லையா என்று நான் போட்டுப் பார்க்கவே இல்லை. “சரி விடுடா” என்றார். அவ்வளவுதான்.

கிம்மிக் கடைசியில் ஈப்போவிலேயே போனது. சேகரிக்கிற ஒரு சீன அங்கிள். கோபிக் கடை மேசையில் வைத்து என் கண் முன்னாலேயே பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். உள்ளே சன்சாஃப்ட் 5பி என்று எழுதிய சில்லு. கூடுதல் இசைக்காக அந்த ஒலிச் சில்லைப் பயன்படுத்திய ஒரே கேசட் இதுதானாம். கள்ளக் கேசட்டாக இருந்தால் அந்த இடத்தில் கறுப்புப் பசைப் பொட்டோ, வேறு ஏதாவது சில்லோ இருக்கும் என்றார். மாமா ஏமாறவில்லை என்பதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. மாமா பேருக்கு அவர் விலை குறைக்கவில்லை, ஜப்பான் பிள்ளைகளும் எழுதுவார்கள் என்று சிரித்தார். என் கட்டைவிரலுக்கும் வெளுத்த மூலைக்கும்தான் குறைத்தார். 680 சொல்லியிருப்பேன், 480 தருகிறேன் என்றார். பணத்தை எண்ணிக்கொண்டே, பெட்டியும் புத்தகமும் இருந்தால் இன்னும் பல மடங்கு என்று சாதாரணமாகச் சொன்னார்.

பெட்டியெல்லாம் பாட்டி அடுப்புக்குப் போட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். போன மாதம் தாமானில் மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை சட்டைப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊசி நூல் பெட்டி. மூடியில் பச்சை உருண்டை.

அங்கிளுக்குப் படம் அனுப்பியாயிற்று. வெறும் பெட்டிக்கே 300 தருகிறேன் என்கிறார். அத்தைதான் மசிய மாட்டேன் என்கிறார். “முப்பது வருஷமா இதுல வச்சிருக்கேன், ஊசி எது எங்க இருக்குன்னு கை பாட்டுக்குப் போகும். நீ போய் வேற வேலையைப் பாரு.”